பஸ்ஸுக்கு இல்லாதவர்கள்

காரைக்குடி,
9.6.2025

சந்திரலேகாவுக்கு,

உன் அண்ணன் சேவுகப்பெருமாள் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்துவிட்டு, நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற நம்ம சொந்தபந்தக் குழுவிலிருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு போனவள் நலமாகத்தான் இருப்பாள். போன் போட்டால் எவளோ ஒருத்தி வந்து, நீ வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். பதினோரு நாளாகவா பேசுகிறாய்? அதனால்தான் பதிவுத் தபால். இதைத் தடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டு வாங்கியே ஆகவேண்டும்.

நான் செய்த குற்றம் என்ன? ஒரு போட்டோ போட்டேன். 'கா' என்ற எழுத்தின் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிற போட்டோ. கீழே, "எங்க வீட்டு இன்ஜினீயரம்மா கண்டுபிடித்த புது நாற்காலி, ஒரு மாதம் உட்கார்ந்தால் மூலம் உறுதி" என்று எழுதினேன். நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். நம்ம பெரியம்மா மகன் துபாயிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான். உனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சரி, சிரிக்க வேண்டாம். ஆனால் நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொள். சென்னையில் உட்கார்ந்து வரைந்தவள் நீ. தினமும் பதினாலு மணி நேரம் அதற்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான்.

குன்றக்குடி ரோடு திரும்புகிற முக்கில், பஸ் நிற்கிற இடத்தில், இரண்டு வேப்ப மரத்துக்கு அடியில் ஏழு நீளக் கல் கிடந்தது. அதனால் ஏழு கல் முக்கு. பழசு போச்சே என்று ஒப்பாரி வைக்கிற ஆள் நான் இல்லை. நம்ம வீட்டு ஆட்டுக்கல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகக் கிரைண்டர் வாங்கியவன். ஆனால் கிரைண்டர் மாவு ஆட்டுகிறது. நீ போட்டிருக்கிற குழாயில் உட்கார முடியவில்லையே.

இடுப்பு உயரத்தில், சாய்வாக, பளபளவென்று ஒரு எவர்சில்வர் குழாய். பக்கத்துப் பலகையில் 'சாய்ந்து நிற்கும் இருக்கை' என்று எழுதியிருக்கிறது. நிற்கிறதா, இருக்கிறதா, முதலில் அதை முடிவு பண்ணச் சொல். உட்காரப் போனால் வழுக்கி இறக்கிவிடுகிறது. மத்தியானத்தில் அதன்மேல் தோசை வார்க்கலாம். சுற்றி ஆறு சிமெண்ட் தொட்டி, தொட்டியில் பெயர் தெரியாத செடி. நடுவில் ஆள் இடுப்பளவுக்கு 'நம்ம காரைக்குடி' என்று எழுத்துகள். சாயங்காலம் ஆனால் பச்சையும் ஊதாவுமாக எரிகின்றன. உட்கார வேறு இடமில்லாமல் சனம் எழுத்தின் மேல் ஏறி உட்கார்கிறது. 'கா' கொஞ்சம் வசதி. 'டி'யில் மேலே இருக்கிற வளைவு குத்தும். 'ம்'முக்கு வைத்த புள்ளியை முதல் வாரமே எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். 'ரை'யின் சுழிக்குள் ஒரு நாய் குடித்தனம் வந்துவிட்டது. உன் வடிவமைப்பை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் இல்லை.

கண்டரமாணிக்கம் வீரலட்சுமி அக்காவை உனக்குத் தெரியாது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு இங்கே வருகிறது. முடித்துவிட்டு வந்து மூன்றாவது கல்லில் சேலைத் தலைப்பை மடித்து வைத்துப் படுக்கும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருக்கத் தெம்பு வரும். இப்போது தரையில் பேப்பரை விரித்துப் படுத்தால், காவலுக்குப் போட்ட ஆள் வந்து விசில் ஊதுகிறான். போன வியாழக்கிழமை அது என் கடைப் படியில் வந்து உட்கார்ந்து, "தம்பி, இது ஒங்க தங்கச்சி வரஞ்சதாமே? அவுகளுக்கு முட்டி வலி வந்தாச் சொல்லுங்க, ஒரு நாள் இங்குட்டுக் கூட்டி வந்து நிக்க வச்சுப் பாப்போம்" என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத நாள் எத்தனை என்று உனக்கே தெரியும்.

பெயர்த்த ஏழு கல்லும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கின்றன. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ஏலமாம். எங்கேயோ ரிசார்ட் கட்டுகிறவர் டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். வெளிநாட்டுக்காரன் உட்கார்ந்து இளநீர் குடிப்பதற்கு நம்ம கல் போகப் போகிறது.

கல் திரும்பி வரவேண்டும். வரும்வரை வாரம் ஒரு பதிவுத் தபால் உண்டு.

கோபத்துடன்,
சேவுகப்பெருமாள்


சென்னை,
16.6.2025

திரு. சேவுகப்பெருமாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். வரவேற்பில் இருக்கிற பெண் உறையின் பின்பக்கத்தில் 'கல் எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். இனி வீட்டு முகவரிக்கு எழுதவும்.

போட்டோவைப் பற்றி. அது நூற்றுப் பன்னிரண்டு பேரோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் நிறுவனத் தலைவர் தன் போனில் அதை எனக்கே காட்டிச் சிரித்தார். பதினெட்டு வருடமாக ஊர் ஊராக வரைந்து கொடுத்திருக்கிறேன். என் சொந்த ஊர் வேலை முதல்முறையாகக் கைக்கு வந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் என் அண்ணன். இதை உங்களால் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் உங்களுக்கு ஒரு விஷயம் உண்மையா என்பதைவிடச் சொன்னால் சிரிப்பார்களா என்பது முக்கியம்.

கல்லைப் பற்றி. நான் கனவு கண்டு வரையவில்லை. எந்த இடத்தையும் தொடுவதற்கு முன்னால் ஏழு நாள் கணக்கெடுப்போம். காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை அந்த ஏழு கல்லிலும் பேருந்துக்காகக் காத்து உட்கார்ந்திருந்தவர்கள், சராசரியாக ஒரு நாளைக்குப் பதினோரு பேர். பதினோரு பேருக்காக அவ்வளவு இடத்தை அடைத்து வைக்க முடியாது என்று எவரும் முடிவு செய்வார்கள். நான் செய்தேன்.

இப்படிக்கு,
சந்திரலேகா


காரைக்குடி,
21.6.2025

பதினோரு பேர் கண்ட சந்திரலேகாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே உரக்கப் படித்தேன். எதிர்த்த டீக்கடை பாண்டீஸ்வரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு பேர்! அவன் கடையில் பால் பொங்குவதற்குள் பதினோரு பேர் அந்தக் கல்லில் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள்.

'திரு' போட்டு எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஐம்பத்து நாலு வயதில் முதல்முதலாக உன்னிடமிருந்து மரியாதை.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. போன வருஷம் பிப்ரவரியில் நீதானே போன் போட்டு, "அண்ணே, உங்க கடை எதிர்த்தாப்பில்தானே இருக்கு, யார் யார் உட்கார்கிறார்கள் என்று ஏழு நாள் பார்த்து எழுதித் தரமுடியுமா?" என்று கேட்டாய்? நான் எழுதவில்லையா? நாற்பத்து நாலு தாள். இரண்டு பக்கமும் இல்லை, ஒரு பக்கம்தான், ஆனால் ஒரு கட்டம் காலியில்லாமல். அந்த ஏழு நாளும் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. விண்ணப்பம் பூர்த்தி பண்ண வந்தவர்களை, தள்ளி நில்லுங்கள், மறைக்கிறது என்று விரட்டினேன். உன் அண்ணி, ஊர்க்கதை எழுதச் சொல்லி இவருக்கு உத்தியோகமே கொடுத்துவிட்டாளே உங்கள் வீட்டு மகராசி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவ்வளவையும் கூரியரில் அனுப்பினேனே, அது என்ன ஆச்சு? என் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு எந்தக் குருட்டுப் பயலை அனுப்பி எண்ணினாய்? அவன் ஏசி காரை விட்டு இறங்கினானா? அவனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியுமா? அவன் பெயரை எழுது. நான் அவனைத் திருநெல்வேலி வரைக்கும் துரத்திப் போய், கல்லென்றால் என்ன, மனுஷனென்றால் என்ன என்று காட்டிக்கொடுக்கிறேன். இவனை மாதிரி ஆட்களை நம்பி ஊரை மாற்றுகிற உன்னை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பெயரை எழுது. மறக்காதே.

அண்ணன்


சென்னை,
30.6.2025

அண்ணனுக்கு,

இணைப்பு: ஒரு தாள். 6.2.2024, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு முதல் ஒன்பது வரை.

கையெழுத்து யாருடையது என்று பார்க்கவும்.

படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. நேரம். ஆணா பெண்ணா. பேருந்துக்காகக் காத்திருக்கிறாரா, ஆம் அல்லது இல்லை. நான்காவது, குறிப்பு. எங்கள் கணினி முதல் மூன்று கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். இந்தத் தாளில் முப்பத்தெட்டு வரி. அதில் முப்பத்தாறு வரியில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு நாளும் அப்படித்தான். உங்கள் 'ஆம்'களைக் கூட்டினால் எழுபத்தேழு. ஏழால் வகுத்தால் பதினொன்று.

வேறு யாரும் அனுப்பப்படவில்லை. நீங்கள் கேட்ட பெயர் சேவுகப்பெருமாள். திருநெல்வேலி வரைக்கும் போக வேண்டாம்.

சந்திரலேகா


காரைக்குடி,
6.7.2025

லேகா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உடனே ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். நல்ல காரமான பதில். "என்னைப் பொய் எழுதச் சொல்கிறாயா?" என்று தொடங்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் அதில் இருந்த நியாயத்தை மட்டும் முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

நான் என்ன தொழில் பார்க்கிறேன்? இந்த ஊருக்கே விண்ணப்பம் பூர்த்தி பண்ணித் தருகிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, வளவளவென்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவான் என்று ஊருக்கே பாடம் சொல்கிறேன். நீ கேட்டது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாரா? முத்துவீரன் அண்ணன் ஏழு மணிக்கு வந்து இரண்டாவது கல்லில் உட்காருகிறார். பஸ்ஸுக்கா? மருமகள் எட்டரைக்கு வேலைக்குப் போனால்தான் அவர் வீட்டுக்குள் நிம்மதியாக நுழையலாம். ஞானபூரணி டீச்சர் மாத்திரை போட உட்காருகிறார். கல்லூரி ஜோடி ஒன்று, பஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கீழச்சிவல்பட்டியில் பெண் பார்த்துவிட்டு வந்து இறங்கிய குடும்பம், ஒன்பது பேர், பெண் பிடிக்கவில்லை என்பதை வீடு போய்ச் சேர்வதற்குள் பேசி முடிக்க இரண்டு கல்லை அடைத்துக்கொண்டது. இவர்களெல்லாம் பஸ்ஸுக்கு என்று எந்த வாயால் எழுதுவேன்? பஸ்ஸுக்கு நிற்கிறவன் நின்றுகொண்டுதான் இருப்பான். உட்கார்ந்தால் சீட்டுப் பிடிக்க முடியாது. இது எந்த ஊர் இன்ஜினீயருக்கும் தெரியாதா?

யாரென்றே தெரியாத ஒருத்தன் எண்ணியிருந்தால் எல்லோருக்கும் 'ஆம்' போட்டுவிட்டுப் போயிருப்பான். எனக்கு எல்லோரையும் தெரியும். அதுதான் வினை. ஒவ்வொருத்தரும் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததால் ஒருத்தரும் கணக்கில் வரவில்லை.

இப்போது மறுநாள், வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். வீரலட்சுமி அக்கா டயாலிசிஸ் முடிந்து வந்தது. என் கடைப்படிக்கு வந்திருக்கலாம். அன்றைக்குப் பார்த்து ஏதோ ஒரு தேர்வுக்குக் கடைசி நாள், படி முழுக்க ஆட்கள். வேண்டாம் என்று அங்கேயே குழாயில் சாய்ந்தது. நான் அச்சு இயந்திரத்தில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் வழுக்கியது. அக்கா அப்படியே முன்னால் போய் 'கு'வின் விளிம்பில் முகவாயை இடித்துக்கொண்டு விழுந்தது. எழுத்தெல்லாம் ரத்தம். முத்துவீரன் அண்ணனும் நானும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். மூன்று தையல்.

தையல் போட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, என் வாய் சும்மா இருக்குமா, அங்கே போய்ச் சொல்லிவிட்டேன். "அக்கா, கல்லை எடுத்ததே என்னாலதான். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுலதான ஏறுவீக. அதனால நீங்க பஸ்ஸுக்கு இல்லைன்னு எழுதிட்டேன்."

அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தது. பேசினால் வலிக்கும், இருந்தாலும் பேசியது.

"பின்னே, ஏரோப்ளேனுக்கா படுத்திருந்தேன்?"

முத்துவீரன் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எழுதியிருந்தாயே, உண்மையா என்பதைவிடச் சிரிப்பார்களா என்பதுதான் எனக்கு முக்கியம் என்று. அந்த வரியை எடுத்து மறுபடியும் படித்தேன். உன்மேல் எரிச்சலாக வந்தது. இப்போதும் எரிச்சல்தான்.

சரி. குருடன் நான்தான். ஆனால் லேகா, நான்காவது கட்டம் என்று ஒன்று வைத்தாயே, அது எதற்கு? அழகுக்கா? அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அக்கா பெயர், ஊர், எந்தக் கல், என்ன வியாதி, எல்லாம். உன் கணினி படிக்காது, ஒத்துக்கொள்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியுமே. வாசித்தாயா?

ஏலத்துக்கு முப்பத்தேழு நாள் இருக்கிறது.

சேவுகப்பெருமாள்


சென்னை,
19.7.2025

அண்ணனுக்கு,

வாசிக்கவில்லை.

அன்றைக்கு வாசிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு கிடங்கிலிருந்து பெட்டியை எடுக்கச் சொல்லி, சனி ஞாயிறு இரண்டு நாளும் நாற்பத்து நான்கு தாளையும் வாசித்தேன். ஆம், இல்லை என்று பார்க்காமல் வரி வரியாக எண்ணினேன். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு பேர். ஒரு நாளைக்கு இருநூற்று முப்பத்தாறு. பதினோரு பேர் என்று என் கையெழுத்தோடு அறிக்கை போயிருக்கிறது.

தப்பான கேள்வியை எழுதியவள் நான். அதற்குச் சரியான பதிலை எழுதி என்னைக் கவிழ்த்தவர் நீங்கள். வீரலட்சுமி அம்மாவின் தாடையில் இருக்கிற தையலில் எது யாருடையது என்று நாம் பிறகு சண்டை போடலாம். வேறொன்று கேட்கவேண்டும்.

இருபத்திரண்டாவது தாள். 7.2.2024, புதன்கிழமை. அப்படியே எழுதுகிறேன்.

'மாலை 4.20. பெண். பஸ்ஸுக்கு இல்லை. நீலச் சுடிதார், கண்ணாடி. ஐந்தாவது கல். போனில் பேசி முடித்துவிட்டு அழுகிறது. 50 நிமிஷம். நம்ம லேகா.'

அந்த வரியை வாசித்தபோது அலுவலகத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் நான் கத்தியிருப்பேன்.

இடத்தைப் பார்க்க அன்றைக்கு வந்திருந்தேன். இரண்டு மணி நேர வேலை, உடனே மதுரைக்குத் திரும்பி விமானம். வீட்டுக்கு வரவில்லை, உங்களிடம் சொல்லவும் இல்லை. வக்கீல் போன் பண்ணினார். என் கணவர் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி நான் போடவேண்டியதுதான் பாக்கி என்றார். அங்கேயே கல்லில் உட்கார்ந்தேன். நம் வீட்டுக்கு நடந்தால் எட்டு நிமிஷம். வரப் பிடிக்கவில்லை. அண்ணி தண்ணீர் கொடுப்பாள், கேட்பாள், பெரியம்மாவுக்குப் போன் போகும், விளக்கு வைப்பதற்குள் துபாய்க்குத் தெரியும். அந்தக் கல்லில் என்னை யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் கீரைக்கட்டோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தது, தன் கட்டைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இருபது அடி தூரத்தில். ஐம்பது நிமிஷம், கடிகாரம் பார்த்து. பார்த்து, எழுதி, 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு மனுஷனால் எப்படி முடியும்? நீ என் அண்ணன்தானே? எழுந்து வந்து ஏன் என்று கேட்க ஒரு ரோடு குறுக்கே இருந்ததா உனக்கு?

பிறகு பத்து மாதம் கழித்து நான் அதே இடத்தை வரைந்தேன். ஒருத்தரும் உட்கார முடியாதபடி வரைந்தேன். அதை நான் எப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உங்கள்மேல் வருகிற கோபம் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பதில் வேண்டும்.

லேகா


காரைக்குடி,
28.7.2025

லேகா,

திட்டு. 'நீ' என்று எழுதியிருக்கிறாய், அதுதான் நம்ம வீட்டுப் பேச்சு. 'திரு' எனக்குப் பொருந்தவில்லை, கழுத்தில் பிடித்தது.

நான் எழுந்தேன். ரோட்டில் இறங்கக் காலையும் வைத்தேன். நான் வந்தால் நீ என்ன செய்வாய்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தூசி அண்ணே" என்பாய். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு நடப்போம். நீயே எழுதியிருக்கிறாய், வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று. துபாய்க்குச் சேதி போகிற வழியில் முதல் ஆள் யார்? நான்தானே. என்னை எனக்குத் தெரியாதா? அழுகிற பிள்ளையை எழுப்பி என்னிடமே கூட்டி வருவதா என்று காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். சரியா தப்பா என்று ஒன்றரை வருஷமாகத் தெரியவில்லை. இப்போது நீ திட்டுவதைப் பார்த்தால் தப்பு மாதிரிதான் தெரிகிறது.

பாண்டீஸ்வரன் உனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தானே, "கூடப் போட்டுட்டேன்க்கா, வீணாத்தான் போகும், குடிங்க" என்று. ஞாபகம் இருக்கிறதா? நீ குடிக்கிற மாதிரி சர்க்கரை இல்லாத டீ. எவனாவது கூடப் போடுகிற டீயைச் சர்க்கரை இல்லாமல் போடுவானா? இன்ஜினீயர், கணக்குப் போடுகிறவள், இதைக் கூட யோசிக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. அதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணியிடம்கூட. இந்த ஊரில் எந்தச் சேதியும் என் நெஞ்சுக்குள் ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. இது ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் நான் பட்ட பாடு, அக்காவின் தையல்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த எரிச்சலில்தான் அந்தப் போட்டோவைப் போட்டேனோ என்னவோ. அது மன்னிப்பு ஆகாது. நான் போட்டது தப்பு. குழுவில் எல்லோருக்கும் முன்னால், கணக்கில் குருடன் நான்தான், அவள் இல்லை என்று எழுதிவிட்டேன். ஐம்பத்தேழு பேர் சிரித்தார்கள். போன தடவையைவிடப் பதினைந்து பேர் கூட.

ஏலத்துக்குப் பதினைந்து நாள். நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கல்லை மட்டும் விட்டுவிடாதே.

அண்ணன்


சென்னை,
22.8.2025

அண்ணே,

நாற்பத்து நான்கு தாளையும் நகல் எடுத்து, பதினொன்று இல்லை, இருநூற்று முப்பத்தாறு என்றும், பிழை என்னுடையது என்றும் எழுதி, ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நானே நேரில் கொடுத்தேன். ஏலம் விடுகிற அலுவலகத்தில் அதிகாரியாக ஒரு அம்மாள் இருந்தார். என் விளக்கத்தைப் படிக்கவில்லை. நான்காவது கட்டத்தைத்தான் படித்தார். இரண்டு தாள் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு பிடிக்கலைன்னு சொன்ன குடும்பம், அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். தெரியாது, எங்கள் அண்ணனைக் கேட்கவேண்டும் என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே ஏலத்தை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார்கள்.

என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நிறுவனத்துக்குத் தலைகுனிவாம். வேறு ஊர் ஒன்றுக்குக் கழிவுநீர் வரைபடம் பார்க்கிறேன். அங்கே யாரும் உட்காரமாட்டார்கள்.

உங்கள்மேல் கோபம் தீரவில்லை. எழுதும்போதே வருகிறது. ஆனால் கழிவுநீர் வரைபடத்துக்கு ஒரு படிவம் தயார் பண்ணினேன், அதில் மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டேன். நான்காவதைப் பெரிதாக்கியிருக்கிறேன்.

வீரலட்சுமி அம்மாவுக்குத் தையல் பிரித்தாச்சா? அண்ணி எப்படி இருக்காக? நீங்க எப்படி இருக்கீக?

லேகா


காரைக்குடி,
7.9.2025

லேகா,

புதன்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்தது. ஐந்து கல்தான். பெயர்த்தபோதே இரண்டு உடைந்துவிட்டதாம். ஏழு கல் முக்கு என்ற பெயரை மாற்ற முடியாது என்று முத்துவீரன் அண்ணன் லாரிக்காரனிடம் ஒரே சண்டை. எழுத்து அங்கேயேதான் இருக்கிறது. நாயும் இருக்கிறது. குழாயைக் கழற்றவில்லை, ஈரச் சேலை காயப்போட வசதியாக இருக்கிறது என்று கீரைக்காரம்மாவுக்கு உன்மேல் ஒரு மரியாதை. பெண் பிடிக்கவில்லை என்று சொன்ன குடும்பத்துக்கு, அதே பெண்தான் முடிந்தது. ஆவணியில் கல்யாணம். அந்த அம்மாளிடம் சொல்லிவிடு.

உன் அண்ணி சுகம். நானும் இருக்கிறேன். பழைய படிவம் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடந்தது. வீணாகப் போகவேண்டாமே என்று இன்றைக்கு ஒரு மணி நேரம் எழுதினேன்.

'பகல் 1.30. பெண். வீரலட்சுமி அக்கா. மூன்றாவது கல். தையல் பிரித்தாச்சு. படுத்திருக்கிறது. ஆம்.

1.40. ஆண். முத்துவீரன். இரண்டாவது கல். இன்றைக்கு ஞாயிறு, மருமகள் வீட்டிலேயே இருக்கிறாள். ஆம்.

1.45. பெண் ஒன்று, ஆண் ஒன்று. அதே ஜோடி. தாலி ஏறிவிட்டது. இப்போது சண்டை. ஆம், ஆம்.'

கடைசிக் கல் ஐந்தாவது. அதில் யாரையும் விடவில்லை. பெரிய பையோடு ஒருவர் வந்து உட்காரப் போனார். நான் கடையிலிருந்தே, "அங்குட்டுப் போங்கண்ணே, அதுல ஆள் வருது" என்று கத்தினேன். ஆள் யார், எந்தப் பஸ்ஸில் வருது, என்ன உறவு, எதற்கு வருது என்று பாண்டீஸ்வரன் நோண்டி நோண்டிக் கேட்டான்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன்